திங்கட்கிழமை நாற்றம்: கூலன்ட் தொட்டியில் மிதக்கும் எண்ணெயை எடுக்க பெல்ட் ஸ்கிம்மர் வாங்கினால் போதுமா?

பீளமேடு பட்டறை | திங்கள், காலை 9:40

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் ஆறு சி.என்.சி. லேத் வைத்து பம்ப் உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கிறேன். அப்பா காலத்தில் சாதாரண லேத்தாக இருந்த பட்டறை இது. நான் பொறுப்பேற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கினால் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடிக்கிறது. கடையும்போது பாகத்தைக் குளிர்விக்க ஊற்றும் எண்ணெய்-தண்ணீர்க் கலவையான கூலன்ட் இருக்கும் தொட்டியைத் திறந்தால் மேலே பழுப்பு நிறத்தில் எண்ணெய் ஏடு போலப் படிந்திருக்கிறது. இயந்திரத்தை ஓட்டத் தொடங்கியதும் நாற்றம் ஓரளவு அடங்குகிறது. ஆனால் கூலன்ட் பால் நிறம் மாறிச் சாம்பல் நிறமாகிவிட்டது. இரண்டு பையன்களுக்கு முழங்கைக்குக் கீழே தோல் சிவந்து அரிக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது.

ஒரு விற்பனையாளர் வந்து, மிதக்கும் எண்ணெயைச் சுற்றும் பட்டையில் ஒட்டி எடுக்கும் பெல்ட் ஸ்கிம்மரை ஆறு இயந்திரத்துக்கும் ஆறு வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா? பட்டைக்குப் பதில் வட்டத் தகடு சுற்றும் டிஸ்க் ஸ்கிம்மர் நல்லதா, பெல்ட் நல்லதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

சிட்கோ குறிச்சி | திங்கள், காலை 10:15

எங்கள் பட்டறையில் சனிக்கிழமை மாலை ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் போடுவோம். நாற்றம் வராது. செலவும் இல்லை. ஸ்கிம்மருக்குப் பணம் போடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

---

பணிமனைப் பழையவர் | திங்கள், பகல் 12:05

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். குறிச்சி நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அதிலிருக்கும் குளோரின் இரும்பைத் தின்னும். பாகத்தைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் தாடைகளிலும், நகரும் பாதையான ஸ்லைடிலும் துரு ஏறும். கூலன்ட்டில் துருவைத் தடுக்கப் போட்டிருக்கும் சரக்கையும் அது கெடுத்துவிடும். ஏற்கெனவே தோல் சிவந்திருக்கும் பையன்களின் கைக்கு அது இன்னும் மோசம்.

இரண்டாவது, ஸ்கிம்மர் வாங்கும் முன் மூன்று நாள் பொறுங்கள். 32 ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்பில் இருந்திருக்கிறேன். ஸ்கிம்மர் வாங்கி மாட்டிவிட்டு, பெல்ட் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்க, கீழே கூலன்ட் அழுகிக்கொண்டிருந்த பட்டறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மிதக்கும் எண்ணெயை மட்டுந்தான் ஸ்கிம்மரால் எடுக்க முடியும். உங்கள் எண்ணெய் மிதக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும்.

அதற்குச் செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. இன்று மாலை வேலை முடிந்து பம்ப்பை நிறுத்துவதற்குச் சற்று முன், குழாயில் வரும் கூலன்ட்டை ஒவ்வொரு இயந்திரத்திலிருந்தும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பிடியுங்கள். உள்ளே இருப்பது தெரியும் நிறமற்ற பாட்டிலாக இருக்கட்டும். மேலே எத்தனையாவது இயந்திரம் என்று எழுதி, யாரும் தொடாத அலமாரியில் நிறுத்துங்கள். காலையில் வந்து அசைக்காமல் பாருங்கள். மேலே தெளிவான எண்ணெய்ப் படலம் தனியாக நின்றால் ஸ்கிம்மர் வேலை செய்யும். படலமே இல்லாமல் முழுவதும் சாம்பல் நிறமாகவே இருந்தால் எண்ணெய் கூலன்ட்டோடு கலந்துவிட்டது, ஸ்கிம்மரால் பயனில்லை. மேலே எண்ணெய், அதற்குக் கீழே தயிர் ஆடை போன்ற ஒரு பிசுக்கு, அதற்கும் கீழே கூலன்ட் என்று மூன்று அடுக்காக நின்றால் உங்கள் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு கேள்வி. ஸ்லைடு வழுக்கி நகர விடும் ஸ்லைடுவே எண்ணெய் மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள்? சக்கை அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் எவ்வளவு ஊற்றுகிறீர்கள்? பில்களைப் பார்த்துச் சொல்லுங்கள். உத்தேசமாகச் சொல்ல வேண்டாம்.

---

பீளமேடு பட்டறை | திங்கள், இரவு 8:30

நன்றி ஐயா. ஆறு பாட்டில்களும் பிடித்து வைத்துவிட்டேன். பில்களையும் எடுத்துப் பார்த்தேன். ஸ்லைடுவே எண்ணெய் மாதம் ஒரு 20 லிட்டர் டின் செலவாகிறது. ஹைட்ராலிக் எண்ணெயைத் தனியாக எழுதி வைக்கவில்லை. ஆனால் நான்காம் இயந்திரத்துக்கு வாரம் ஒருமுறை ஊற்றுகிறோம் என்று பையன் சொல்கிறான். மற்றவற்றுக்கு எப்போதாவதுதானாம்.

---

பணிமனைப் பழையவர் | திங்கள், இரவு 9:10

இப்போது கணக்கைப் பாருங்கள். ஸ்லைடுக்குப் போகும் எண்ணெய் திரும்பி வராது. சொட்டுச் சொட்டாகப் பாதையில் விழுந்து, வழிந்து, கடைசியில் கூலன்ட் தொட்டிக்குத்தான் வந்து சேரும். அந்த ஏற்பாடே அப்படிப்பட்டதுதான். ஆகவே நீங்கள் மாதம் வாங்கும் 20 லிட்டரில் பெரும்பகுதி உங்கள் ஆறு தொட்டிகளில் மிதக்கிறது. இயந்திரத்துக்கு மூன்று லிட்டருக்குச் சற்று மேல். ஒரு நாளைக்கு என்று பார்த்தால் ஒரு டம்ளர்கூட நிறையாது. அதை எடுப்பது பெரிய காரியம் இல்லை.

நான்காம் இயந்திரம்தான் எனக்குக் கவலை. ஹைட்ராலிக் அமைப்பு மூடியது. அதற்கு வாரா வாரம் எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது, அவ்வளவுதான். சக்கின் பின்னால் சுழலும் ஹைட்ராலிக் சிலிண்டரைப் பாருங்கள். அதிலிருந்து டாங்குக்குத் திரும்பும் ஒரு வடிகுழாய் இருக்கும். அதில் அழுத்தம் கிடையாது, எண்ணெய் தானாகவே சரிந்து இறங்க வேண்டும். குழாய் நடுவில் தொய்ந்து தொங்கினாலோ, மடங்கியிருந்தாலோ எண்ணெய் டாங்குக்குப் போகாமல் சிலிண்டர் உறையின் வழியாகப் பொங்கி வழியும். வழிந்தது நேராகக் கூலன்ட்டில்தான் விழும். இந்த ஒரு குழாயைச் சரியாகக் கட்டாததால் எண்ணெய் வீணாவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

---

கவுந்தப்பாடிக்காரர் | செவ்வாய், காலை 6:50

எனக்கு இயந்திரங்கள் தெரியாது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வெல்லம் காய்ச்சுகிறோம். பாட்டில் சோதனையைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

கருப்பஞ்சாற்றைக் கொப்பரையில் ஊற்றிச் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுச் சூடாக்கினால், சாற்றில் இருக்கும் அழுக்கெல்லாம் திரண்டு மேலே மிதந்து வரும். கொதி வருவதற்குச் சற்று முன்புள்ள அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அதைத் துளைக்கரண்டியால் வழித்து எடுக்க வேண்டும். தீ அதிகமாகிச் சாறு தளதளவென்று கொதித்துவிட்டால் அழுக்கு மறுபடியும் உள்ளே போய்விடும். பிறகு எத்தனை முறை கரண்டி போட்டாலும் வராது, வெல்லம் கறுத்துவிடும். அதனால் அந்த நேரத்தில் அடுப்பில் தீயை அடக்கச் சொல்லி அப்பா சத்தம் போடுவார்.

உங்கள் தொட்டியிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது தொட்டி கொதிக்கும் கொப்பரை போலத்தானே இருக்கும்?

---

வேதியியல் ஆசிரியை | செவ்வாய், காலை 7:35

கவுந்தப்பாடி நண்பர் சொன்னது மிகச் சரி. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன். அவர் சொன்னதை எண்களாகப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு திரவத்தில் சிறு துளி எவ்வளவு வேகத்தில் மேலே ஏறும் என்பதற்கு ஜார்ஜ் கேப்ரியேல் ஸ்டோக்ஸ் 1851 இல் ஒரு விதி தந்தார். வேகம் துளியின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகும்.

தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் எண்ணெயின் அடர்த்தியை 0.88 என்றும், கூலன்ட் ஏறத்தாழத் தண்ணீர் போன்றது என்றும் வைத்துக்கொள்வோம். தொட்டியின் ஆழம் 20 செ.மீ. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடியிலிருந்து 150 மைக்ரான் துளி மேலே வர ஏறத்தாழ இரண்டேகால் நிமிடம் போதும். 15 மைக்ரான் துளிக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் வேண்டும். 5 மைக்ரான் என்றால் ஒன்றரை நாளை நெருங்கும். இதெல்லாம் திரவம் அசையாமல் நின்றால் மட்டும்.

உயர் அழுத்தப் பம்ப் எண்ணெயை அடித்து நொறுக்கிச் சிறு துளிகளாக்குகிறது. பிறகு அந்தக் கூலன்ட் தொட்டிக்குள் சில நிமிடங்கள் மட்டும் தங்கிவிட்டு மறுபடியும் பம்ப்புக்குள் போகிறது. சிறு துளிகள் மேலே வர வாய்ப்பே இல்லை. பகலில் மறைந்திருந்த எண்ணெய் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஓய்வு கிடைத்ததால் திங்களன்று ஏடாகத் தெரிகிறது.

நாற்றத்தின் காரணமும் அங்கேதான் இருக்கிறது. மேலே படியும் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜன் கூலன்ட்டில் கரையாமல் மூடிவிடுகிறது. கீழே ஆக்சிஜன் தீர்ந்ததும், அது இல்லாமல் வாழும் பாக்டீரியா பெருகுகின்றன. அவற்றில் ஒரு வகை தண்ணீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகிறது. அதுதான் அழுகிய முட்டை வாடை. இயந்திரம் ஓடியதும் காற்று கலந்து வாடை குறைகிறது. பாக்டீரியா போய்விடவில்லை.

---

பீளமேடு பட்டறை | செவ்வாய், காலை 9:20

பாட்டில்களைப் பார்த்தேன். அசைக்காமல் அப்படியே எழுதுகிறேன்.

1, 2, 5 ஆகியவற்றில் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம், கீழே ஓரளவு பால் நிறம். 3, 6 இரண்டிலும் எண்ணெய்க்குக் கீழே நீங்கள் சொன்ன தயிர் ஆடை போன்ற பிசுக்கு இருக்கிறது. விரலில் தொட்டால் ஒட்டுகிறது. 4 இல் மேலே இரண்டு விரற்கடை அளவுக்கு எண்ணெய் நிற்கிறது, அடியிலும் சாம்பல் நிறம்.

நான்காம் இயந்திரத்தின் பின் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். வடிகுழாய் நடுவில் வயிறு போலத் தொங்குகிறது. ஐயா, நேரில் பார்த்தது போலச் சொன்னீர்கள்.

---

கூலன்ட் கணக்கு | செவ்வாய், பகல் 1:45

கூலன்ட் சேவைப் பணியில் இருக்கிறேன், எந்த நிறுவனத்துக்கும் இங்கே பரிந்து பேச வரவில்லை. 3, 6 பாட்டில்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்த ஒட்டும் பிசுக்கு எண்ணெய் அன்று, சோப்பு. கூலன்ட் எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் சோப்புச் சரக்கு, கடினத் தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத ஆடையாகிறது. போர்வெல் தண்ணீரில் துணி துவைத்தால் வாளியில் மிதக்குமே, அதேதான். இந்த இரண்டு இயந்திரங்களுக்கும் எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

இந்த ஆடையை பெல்ட் எடுக்காது. பெல்ட்டில் ஒட்டிய எண்ணெயை வழித்தெடுக்கும் துடைப்பான் ரப்பரில் அப்பி அதையும் கெடுக்கும். இன்னொரு தீமையும் உண்டு. கூலன்ட்டில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கும். கடினத் தண்ணீரை நிரப்ப நிரப்ப உப்பு ஏறிக்கொண்டே போகும். சல்பேட்டும் ஏறும். ஆசிரியை சொன்ன பாக்டீரியாவுக்கு நீங்களே உணவு போடுகிறீர்கள்.

கூலன்ட்டின் செறிவைப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கிறதா? கோடு மங்கலாகத் தெரிந்தால் அதுவும் எண்ணெய் கலந்ததற்கு அடையாளம். அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். தாளும் வாங்குங்கள். பெரும்பாலான கூலன்ட்டுகள் 8.5 முதல் 9.5 வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பாக்டீரியா வெற்றி பெறுகிறது என்று பொருள்.

---

பீளமேடு பட்டறை | செவ்வாய், மாலை 6:10

3, 6 இரண்டும் பின்கொட்டகையில் இருக்கின்றன. அங்கே போர்வெல் குழாய்தான். முன்கூடத்தில் சிறுவாணித் தண்ணீர் வரும். இவ்வளவு நாளும் இந்த வேறுபாடு எனக்குத் தோன்றவே இல்லை.

ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கிறது, கோடு எல்லா இயந்திரங்களிலும் மங்கல்தான். பி.எச். 4 ஆம் இயந்திரத்தில் 8க்கும் கீழே. மற்றவை 8.5 பக்கம்.

---

முலாம் பட்டறை | செவ்வாய், இரவு 10:00

எங்கள் வேலை நிக்கல் முலாம். கூலன்ட் இல்லை என்றாலும் மிதக்கும் எண்ணெயோடு எங்களுக்கும் நித்தம் போராட்டம்தான். சூடான காரக் கரைசல் தொட்டியில் பாகங்களை முக்கி எண்ணெய் போக்குவோம். போன எண்ணெய் மேலே மிதக்கும். பாகத்தை வெளியே தூக்கும்போது அந்தப் படலத்தின் வழியாகத்தான் தூக்குகிறோம், அதனால் சுத்தமான பாகத்தில் மறுபடியும் எண்ணெய் ஒட்டும். முலாம் உரிந்து திரும்பி வந்த சரக்கைப் பார்த்தபோது, கரைசலின் வலு குறைந்துவிட்டது என்று நினைத்து மேலும் மேலும் காரம் சேர்த்தோம். கரைசலில் ஒரு குறையும் இல்லை. தூக்கும் வழியில்தான் அழுக்கு இருந்தது.

நாங்கள் கண்ட தீர்வு மிக எளியது. தொட்டியின் ஒரு பக்கச் சுவரைச் சற்றுத் தாழ்த்தி வழிவாய் வைத்து, பக்கத்தில் ஒரு சிறு அறை கட்டினோம். எதிர்ப்பக்கத்தில் மேற்பரப்பை ஒட்டித் துளையிட்ட குழாய் ஒன்று, மெல்லிய நீரோட்டமாகப் படலத்தை வழிவாயை நோக்கித் தள்ளுகிறது. எண்ணெய் சிறு அறையில் விழுந்து அங்கே அமைதியாகப் பிரிகிறது. அடியிலிருந்து கரைசல் திரும்பத் தொட்டிக்கு வருகிறது. ஸ்கிம்மரை அந்தச் சிறு அறையில்தான் வைத்திருக்கிறோம். பெரிய தொட்டியின் நடுவில் வைத்து எண்ணெய் தேடி வரும் என்று காத்திருப்பதைவிட, எண்ணெயை ஓரிடத்துக்குக் கூட்டி வந்துவிட்டு எடுப்பது எவ்வளவோ மேல்.

---

பணிமனைப் பழையவர் | புதன், காலை 7:15

முலாம் பட்டறை நண்பர் சொன்ன "ஓரிடத்துக்குக் கூட்டி வருவது" என்ற சொல்லை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. லேத்தின் தொட்டியில் அந்த இடம் ஏற்கெனவே இருக்கும். கடைந்த உலோகச் சீவல்களை வெளியே தள்ளும் சிப் கன்வேயருக்கு அடியிலிருந்து வரும் கூலன்ட் ஒரு மூலையில் தேங்கி நிற்கும். அங்கே எண்ணெய் ஒதுங்கும். பம்ப் உறிஞ்சும் வாய்க்குத் தொலைவான மூலையாகப் பாருங்கள். ஸ்கிம்மர் அங்கேதான் உட்கார வேண்டும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஆறு ஸ்கிம்மர் தேவையில்லை. ஒன்றை வாங்கிச் சக்கரம் வைத்த சட்டத்தில் பொருத்தி, இயந்திரத்துக்கு இயந்திரம் தள்ளிக்கொண்டு போங்கள். உங்கள் அளவுக்கு அது போதும். டிஸ்க் விலை குறைவு, ஆனால் நனையும் பகுதி சிறியது, தொட்டியின் மட்டம் ஏறி இறங்கினால் திணறும். லேத்தில் கூலன்ட் மட்டம் நாள் முழுவதும் மாறும். ஆகவே பெல்ட். பெல்ட் எவ்வளவு ஆழம் இறங்கினாலும் மேற்பரப்பைக் கடந்துதானே போக வேண்டும். வாய் குறுகிய தொட்டியாக இருந்தால், மிதக்கும் பிளாஸ்டிக் குழாய் சுற்றும் வகை ஒன்று உண்டு, அதைப் பாருங்கள்.

பெல்ட்டை எப்போது ஓட்ட வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இயந்திரம் ஓடும்போது ஓட்டாதீர்கள். வேலை முடிந்து பம்ப் நின்று இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கும்படி டைமர் வையுங்கள். எண்ணெய் தீர்ந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தால் பெல்ட் நல்ல கூலன்ட்டைத் தூக்கும். ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்துங்கள். வந்து விழுவதை உயரமான, அடியில் குழாய் வைத்த ஒரு கேனில் பிடியுங்கள். மறுநாள் அடிக்குழாயைத் திறந்தால் கூலன்ட் தனியாக வரும், எண்ணெய் உள்ளேயே நிற்கும்.

---

இலவம்பஞ்சு | புதன், காலை 11:30

ஸ்கிம்மர் வரும்வரை ஒரு கைவைத்தியம். இலவம்பஞ்சு தண்ணீரில் நனையாது, எண்ணெயை மட்டும் குடிக்கும். இழையின் மேல் இயற்கையான மெழுகுப் பூச்சு இருக்கிறது, உள்ளே குழல் போல வெற்றிடம். தன் எடையைப் போலப் பல மடங்கு எண்ணெயைப் பிடிக்கும். நெருக்கமான நைலான் துணியில் சிறு தலையணை போலத் தைத்து, சனிக்கிழமை மாலை தொட்டியில் மிதக்க விடுங்கள். திங்கள் காலை எடுங்கள்.

பஞ்சை அப்படியே போடக் கூடாது, பம்ப் அடைத்துக்கொள்ளும். மரத்தூள் போடுவோரும் உண்டு. அது தண்ணீரையும் குடித்து மூழ்கி அடியில் அழுகும். வேண்டாம்.

---

சிட்கோ குறிச்சி | புதன், மாலை 5:40

பிளீச்சிங் பவுடர் பற்றிச் சொன்னவர்களுக்கு நன்றி. எங்கள் இரண்டு இயந்திரங்களில் ஸ்லைடு மூடியின் ஓரத்தில் துரு இருந்தது. தண்ணீர் காரணம் என்றே நினைத்திருந்தேன். இந்தச் சனிக்கிழமை முதல் நிறுத்திவிடுகிறேன். ஆனால் நாற்றத்துக்கு வேறு என்ன செய்வது? கிருமிநாசினி விற்கிறார்களே, அதைப் போடலாமா?

---

கூலன்ட் கணக்கு | புதன், இரவு 8:20

போடலாம், ஆனால் அது கடைசிப் படி. அந்த மருந்துகளில் பலவும் ஃபார்மால்டிஹைடை மெல்ல வெளிவிடும் வகை. அளவு கூடினால் தோலில் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் அந்தத் தொழிலாளிக்கு ஆயுளுக்கும் கூலன்ட் தொட முடியாமல் போகலாம். எண்ணெயையும் சேற்றையும் எடுக்காமல் மருந்தை மட்டும் ஊற்றினால், மருந்து சேற்றுக்குள் ஊடுருவாது. இரண்டு வாரத்தில் நாற்றம் திரும்பும். இன்னும் கொஞ்சம் ஊற்றுவீர்கள். பீளமேடு நண்பர் சொன்ன பையன்களின் கை சிவந்ததற்கு இப்படி ஏதும் காரணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எப்படியானாலும் அவர்களைத் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள், கூலன்ட்டுக்கான பாதுகாப்புத் தாளையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

---

ஒசூர் கழிவுநீர்ப் பிரிவு | வியாழன், காலை 8:00

ஒரு பெரிய தொழிற்சாலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வேலை செய்கிறேன். நான்காம் பாட்டிலைப் பற்றிப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அதுதான் எங்களிடம் வந்து சேரும் சரக்கு.

அடியிலும் சாம்பல் நிறம் என்றால் எண்ணெய் உள்ளே கலந்துவிட்டது. ஓய்வு கொடுத்தாலும் வராது. இதற்குத்தான் கோலெசர் என்ற கருவி. அதற்குள் எண்ணெயை ஈர்க்கும் பிளாஸ்டிக் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ஆசிரியையின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 15 மைக்ரான் துளி 20 செ.மீ. ஏற நான்கு மணி நேரம். தகடுகளின் இடைவெளி 1 செ.மீ. என்றால் அதே துளி பதினொரு நிமிடத்தில் மேல்தகட்டைத் தொட்டுவிடும். தொட்ட துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி விறுவிறுவென்று மேலேறும். உயரத்தைக் குறைத்து நேரத்தை மிச்சம் பிடிக்கும் வேலை. முற்றிலும் பால் போலக் கலந்ததற்கு இதுவும் உதவாது. அதற்கு நாங்கள் படிகாரம் போட்டு உடைத்து, அழுத்தத்தில் காற்றைக் கரைத்த நீரைச் செலுத்துகிறோம். நுண்குமிழிகள் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கி வருகின்றன. அதை ஒரு சிறு பட்டறையில் செய்ய வேண்டியதில்லை. ஒரு தொட்டிக்காக இவ்வளவும் செய்வதைவிட அந்தக் கூலன்ட்டை மாற்றுவதே சிக்கனம்.

எண்ணெய் தண்ணீரோடு கலந்து கெட்டியாகிவிட்டால் எவ்வளவு பெரிய கருவியும் தோற்கும் என்பதை 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது தமிழ்நாடே பார்த்தது. கரையில் ஒதுங்கிய குழம்பை உறிஞ்சும் இயந்திரங்களால் எடுக்க முடியாமல், ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். அந்தப் படங்களை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் லேத் தொட்டி சிறியது. ஆனால் இதைப் படிப்பவர்களில் தரைக்குக் கீழே பெரிய கூலன்ட் குழி வைத்திருப்பவர்கள் இருக்கலாம். அழுகிய முட்டை வாடை வரும் குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் அங்கேயே விழுவார், காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். வாயு அளவி, காற்றோட்டம், மேலே ஓர் ஆள், கயிறு, எழுத்தில் அனுமதி இவை இல்லாமல் இறங்குவது கொலைக்குச் சமம்.

---

பீளமேடு பட்டறை | வியாழன், இரவு 9:00

நான்காம் இயந்திரத்தின் கூலன்ட்டை மாற்றிவிட முடிவு செய்துவிட்டேன். வடிகுழாயைப் புதிதாகப் போட்டுச் சரிவாகக் கட்டியாயிற்று. எப்படிக் கழுவ வேண்டும்? வடித்தெடுத்த எண்ணெயை என்ன செய்வது? பக்கத்தில் சிலர் இரவில் சாக்கடையில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனம் வரவில்லை.

---

பணிமனைப் பழையவர் | வெள்ளி, காலை 6:30

உங்கள் மனம் சொல்வதையே கேளுங்கள் தம்பி. அந்தச் சாக்கடை நொய்யலுக்குத்தான் போய்ச் சேரும். நொய்யல் ஏற்கெனவே பட்டது போதும்.

கழுவும் முறை: பழைய கூலன்ட்டை வெளியே எடுக்கும் முன், அதிலேயே தொட்டி சுத்திகரிப்பு மருந்தை டின்னில் போட்டுள்ள அளவுக்கு ஊற்றி, ஒரு ஷிப்ட் முழுவதும் ஓட விடுங்கள். குழாய்களுக்குள்ளும் மூடிகளுக்குப் பின்னாலும் ஒட்டியிருக்கும் வழவழப்பு அப்போதுதான் கழன்று வரும். பிறகு வடித்து, அடியில் தங்கிய இரும்புத்தூள் சேற்றைக் கையுறை போட்டு முழுவதுமாக வாருங்கள். பாக்டீரியாவின் வீடு அந்தச் சேறுதான். ஒரு மூலையில் விட்டுவைத்தாலும் புதுக் கூலன்ட் சில நாட்களில் கெடும். அடுத்து, வெறும் தண்ணீரால் அலசாமல் மெல்லிய கூலன்ட் கலவையால் அலசுங்கள், துரு பிடிக்காது. கடைசியில் புதுக் கலவை. தண்ணீரில் கூலன்ட் எண்ணெயை ஊற்ற வேண்டும். எண்ணெயின் மேல் தண்ணீரை ஊற்றினால் கலவை சரியாக அமையாது.

---

ஒசூர் கழிவுநீர்ப் பிரிவு | வெள்ளி, காலை 9:45

எண்ணெயைப் பற்றி: பயன்படுத்திய எண்ணெய் 2016 ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் முதல் அட்டவணையில், 5.1 என்ற பிரிவில் வருகிறது. மூடிய பீப்பாயில், பெயர் எழுதி, மழை படாத கூரைக்குக் கீழ், கசிந்தால் பிடிக்கும் தட்டின் மேல் வையுங்கள். 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் மட்டும் கொடுத்து, அனுப்புகைச் சீட்டை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அதிக விலை தருகிறேன் என்று வண்டியில் வருகிறவர் அதை எங்கே எரிப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. தண்ணீரைப் பிரித்துவிட்டுக் கொடுத்தால் மறுசுத்திகரிப்பாளரே நல்ல விலை தருவார். உயரமான கேன் அதற்கும் உதவும்.

வடித்த கூலன்ட்டைச் சேர்த்து வைத்து, உங்கள் பகுதியில் எண்ணெய்க் கழிவு வாங்கும் அங்கீகாரம் உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திடம் ஒப்படைக்க வேண்டும். பக்கத்துப் பட்டறைகள் நான்கைந்து சேர்ந்து அனுப்பினால் வண்டிச் செலவு குறையும்.

---

கூலன்ட் கணக்கு | வெள்ளி, காலை 10:20

பின்கொட்டகைக்கும் சிறுவாணித் தண்ணீரையே குழாய் இழுத்துக் கொடுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். முழுக்க மென்மையான தண்ணீர் என்றால் உயர் அழுத்தப் பம்ப்பில் நுரை தள்ளும். முதல் நிரப்பலுக்கு ஓரளவு உப்புள்ள நல்ல தண்ணீரும், அன்றாடம் குறைவதை ஈடு செய்ய ஆர்.ஓ. தண்ணீரில் கலந்த மெல்லிய கலவையும் போட்டால் உப்பு ஏறாது. வெறும் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

ஸ்லைடுவே எண்ணெய் வாங்கும்போதும் ஒன்றைக் கேளுங்கள். கூலன்ட்டிலிருந்து எளிதில் பிரியும் வகை உண்டு. உங்கள் கூலன்ட்டில் கொஞ்சம், அந்த எண்ணெயில் கொஞ்சம் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் தெளிவாகப் பிரிந்திருப்பதை வாங்குங்கள்.

---

பீளமேடு பட்டறை | மூன்று வாரம் கழித்து, திங்கள், காலை 8:50

ஷட்டரைத் திறந்துவிட்டு உடனே எழுதுகிறேன். நாற்றம் இல்லை.

செய்தவற்றைச் சொல்கிறேன். ஒரே ஒரு பெல்ட் ஸ்கிம்மர் வாங்கி, சக்கரச் சட்டத்தில் வைத்து, டைமர் போட்டு, இரவில் ஓர் இயந்திரம் என்று சுற்றி வருகிறோம். நான்காம் இயந்திரத்துக்கு இந்த மூன்று வாரத்தில் ஒரு சொட்டு ஹைட்ராலிக் எண்ணெய்கூட ஊற்றவில்லை. ஸ்லைடு எண்ணெய்ப் பம்ப்பின் நேர இடைவெளி யாரோ குறைத்து வைத்திருந்தார்கள், இயந்திரக் கையேட்டில் உள்ளபடி மாற்றினோம். பின்கொட்டகைக்கு சிறுவாணித் தண்ணீர் இழுத்தாயிற்று. 3, 6 இரண்டையும் கழுவி மாற்றினோம், பாட்டிலில் ஆடை இல்லை. இலவம்பஞ்சுத் தலையணைகளை என் தாயார் தைத்துக் கொடுத்தார். ஸ்கிம்மர் வரும்வரை அவைதான் காப்பாற்றின.

பையன்கள் இருவரும் மருத்துவரிடம் போய் வந்தார்கள். ஒருவனுக்கு முழுவதும் ஆறிவிட்டது. இன்னொருவனுக்கு ஆறும்வரை கூலன்ட் படாத வேலையாக அளவு பார்க்கும் மேசைக்கு மாற்றியிருக்கிறேன்.

பணிமனைப் பழையவர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. சனிக்கிழமை முதல் பெல்ட் எண்ணெயைத் தூக்கி வருகிறது, ஆனால் பாதி திரும்பவும் தொட்டியிலேயே விழுகிறது. என்ன காரணம்?

---

பணிமனைப் பழையவர் | திங்கள், காலை 9:30

மிகவும் மகிழ்ச்சி தம்பி. துடைப்பான் ரப்பரைப் பாருங்கள். இரும்புத்தூள் பட்டு விளிம்பு பிளவுபட்டிருக்கும். கழற்றித் திருப்பிப் போட்டால் மறுபக்கம் புதிது போல வேலை செய்யும். இரண்டு பக்கமும் தேய்ந்தால் மாற்றுங்கள். பெல்ட்டைத் துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள், ரப்பர் பெல்ட்டின் அகலம் முழுவதும் ஒட்டி நிற்க வேண்டும்.

புதன்கிழமை நான்காம் இயந்திரத்தில் மறுபடியும் ஒரு பாட்டில் பிடித்து வையுங்கள்.